ஏழாம் இலக்க மீன்வீடு

நாளை மறுநாள் முதல் கள வேலையைப் பொறுப்பெடுக்கப் போகும் உங்கள் மூவருக்கும்,

பிரியாவிடைத் தேநீரின்போது என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு, கட்லட் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. எழுத வரும். ஆனால் எழுதியதை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தே ஒரு வாரம் போய்விடும். இதையும் இரண்டு தரம் அழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படி எழுதுவது வழக்கமாக ஓய்வு பெறுகிறவர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. மேல்மாடி ஆய்வுகூடத்துக்குத்தான் மாறிப் போகிறேன். மகளுக்கு நான்கு வயது. மாதத்தில் பத்து நாள் அவளை விட்டுவிட்டு வெளியூரில் நிற்க இனி என்னால் ஏலாது. அது சரியான முடிவா என்று இன்னும் தெரியவில்லை.

அளவுகள், ஆழங்கள், மூங்கில் சட்டகம் கட்டும் முறை எல்லாம் கோப்பில் இருக்கின்றன. கோப்பில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும். அது ஏழாம் இலக்க மீன்வீட்டின் கதை.

கோப்பில் "செயற்கை வாழிடக் கட்டமைப்பு" என்று இருக்கும். அந்த ஊருக்குப் போய் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. மீன்வீடு என்று சொல்லுங்கள். நம்முடைய நீர்த்தேக்கத்தையும் அவர்கள் குளம் என்றுதான் சொல்வார்கள். அது முன்பு காடாக இருந்த இடம். தண்ணீரைக் கட்டியபோது மரங்கள் உள்ளேயே நின்று பட்டுப்போயின. அந்தக் குற்றிகளுக்கிடையில்தான் குஞ்சு மீன்கள் ஒளிந்து வளர்ந்தன. வருடா வருடம் தண்ணீர் வற்றும்போது ஆட்கள் குற்றிகளை விறகுக்கு வெட்டிக்கொண்டு போக, குளத்தின் அடி மொட்டையாகிவிட்டது. ஒளிய இடமில்லாத குஞ்சுகளை நீர்க்காகங்கள் கூட்டமாக வந்து பொறுக்கித் தின்றன. அதனால்தான் வற்றிய தரையில் மூங்கில் சட்டகம் வைத்து, அதற்குள் கிளைகளைத் திணித்து, கல்லைக் கட்டி விட்டுவருகிறோம். மழை வந்து குளம் நிரம்பினால் அது மீனுக்கு வீடு.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வைத்த முதல் நான்கு வீடுகளுக்குக் கல் போதவில்லை. மூங்கில் உள்ளே காற்று இருக்கிறது என்பதை நாலு பட்டதாரிகள் சேர்ந்து மறந்துபோனோம். தண்ணீர் வந்ததும் நான்கும் தெப்பம் மாதிரி மேலே மிதந்தன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் வரிசையாக உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைத்தன. மீனவர் சங்கத்தின் செயலாளர் பரீனா கரையில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மிஸ், இது மீனுக்குக் கட்டின வீடா, காக்காக்குக் கட்டின வீடா?"

பரீனாவுக்கும் என் வயதுதான். இரண்டு பிள்ளைகள். அவளுடைய கணவர் நிஸார் அந்தக் குளத்தில் தோணி வைத்திருக்கிறார். சங்கத்தின் கணக்கு வழக்கு, கடிதம், சண்டை எல்லாம் அவள் கையில். நாம் அவளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அவளைக் கண்டு பயப்படவும் வேண்டாம். நான் இரண்டும் செய்தேன்.

மிதந்த கதை சிரிப்போடு முடிந்தது. ஏழாம் இலக்கம் அப்படி முடிந்திருக்காது.

பிறகு வந்த வறட்சியில் பன்னிரண்டு வீடுகள் வைத்தோம். எந்த வீடு எங்கே என்று நானே வரைபடம் வரைந்து சங்க மண்டபச் சுவரில் ஒட்டினேன். அழகான வரைபடம். நிறப் பென்சில் எல்லாம் பாவித்தேன். தோணிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் எங்கே வலை போடுவது, எங்கே விலகுவது என்று முடிவெடுப்பார்கள். மெல்லிய நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலை மீன்வீட்டில் சிக்கினால் இலேசில் வராது. வலையை விட மனம் வராமல் மனிதன் அதைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்குவான். கலங்கிய தண்ணீரில், கிளைகளுக்கு நடுவில், தளர்ந்த வலைக்குள் ஒரு கால் மாட்டினால் போதும். இதை நாங்கள் பயிற்சியில் நிறையச் சொல்லியிருக்கிறோம். சொல்வதில் நான் கெட்டிக்காரி.

கடைசி நாள் ஏழாம் இலக்கத்தைக் கொண்டுபோன உழவு இயந்திரம் சேற்றில் புதைந்தது. குறித்த இடத்துக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும். அந்த இடத்தில் பழைய மாட்டுவண்டிப் பாதை ஒன்று ஓடுகிறது. குளம் கட்ட முந்தி இருந்த பாதை, இப்போது தண்ணீருக்கு அடியில். குற்றி, வேர் ஒன்றும் இல்லாத சுத்தமான தரை என்பதால் தோணிக்காரர்கள் அந்தப் பாதையின் நெடுகத்தான் வலை விரிப்பார்கள். இயந்திரத்தை மீட்க வேண்டுமென்றால் பாரத்தை இறக்க வேண்டும். இறக்கச் சொன்னேன். மீன்வீடு நட்ட நடுப் பாதையில் இறங்கியது.

"இண்டைக்கு மட்டும் இதில கிடக்கட்டும். நாளைக்குத் தள்ளி வைப்பம்" என்றேன் சாரதியிடம். அவர் சிங்களவர், "சரி மிஸ்" என்று தலையாட்டினார். அந்தி நேரம். அப்போது கணவரிடமிருந்து அழைப்பு. மகள் பாலர் பாடசாலையில் முகங்குப்புற விழுந்து நாடியில் தையல் போட்டிருக்கிறார்கள். அன்றே பஸ் ஏறிக் கொழும்புக்கு, வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் சாரதியை அழைத்துக் கேட்டேனா? கேட்கவில்லை. அவர் செய்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு அறிக்கை எழுதும்போது பன்னிரண்டுக்கும் நேரே சரி போட்டேன். அந்த ஏழாவது சரியைப் போடும்போது கை ஒரு கணம் நின்றது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து மழை பிடித்து, குளம் நிரம்பியது.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. அலுவலகம் பூட்டு. மகளுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். காலையில் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதிக்கக் கொடுத்திருந்தோம். அங்கே இருந்த இளம் டொக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டெங்கு எண்டும் இப்ப சொல்ல ஏலாது, இல்லையெண்டும் சொல்ல ஏலாது அம்மா. நாளைக்குக் காலமை இன்னொருக்கா இரத்தம் பாப்பம். அதுவரைக்கும் குடிக்கக் குடுங்கோ. எவ்வளவு குடிச்சவ, எத்தினை தரம் சலம் போனவ எண்டு எழுதி வையுங்கோ. வாந்தி எடுத்தாலோ, கை கால் குளிர்ந்தாலோ உடன கொண்டு வாங்கோ."

எனக்கு ஏமாற்றம். வெளியே வந்ததும் கணவரிடம், "இவருக்கு ஒண்டும் தெரியேல்ல, பெரிய டொக்டர் ஒராளிட்டக் காட்டுவமா?" என்று கேட்டேன். "சொன்னதைச் செய்வம் முதல்ல" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தோடம்பழச் சாறு கொடுத்து, குடித்த அளவையும் சிறுநீர் போனதையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பரீனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. விளிம்பு வரை நிரம்பிய குளம். கரையில் வரிசையாகத் தோணிகள், அவற்றில் மடித்து வைத்த வலைகள். கூடவே ஒரு குரல் பதிவு:

"மிஸ், பாருங்க எங்கட குளத்த. போயா எண்டு இண்டைக்கு ஒருத்தரும் புடிக்கல்ல. பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரும் பழைய ரோட்டு நெடுக வலை போடப் போறாங்க. நாளைக்கு விடிய நல்ல புடி ஈக்கும், இன்ஷா அல்லாஹ். புள்ளைக்குக் காய்ச்சல் எப்படி?"

பழைய ரோட்டு நெடுக. அந்த மாட்டுவண்டிப் பாதையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஏழாம் இலக்கத்தைத் தள்ளி வைத்தார்களா, இல்லையா?

அப்போது இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம்.

அடுத்து நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். சாரதியை அழைத்தேன், கைபேசி நிறுத்தியிருந்தது. போயாவுக்கு விகாரைக்குப் போயிருப்பார். கூட வேலை செய்த இருவரை அழைத்தேன், ஒருவர் எடுக்கவில்லை, மற்றவர் "தள்ளித்தானே வச்சது?" என்று என்னிடமே கேட்டார். கைபேசியில் இருந்த எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுவலகக் காவலாளிக்கு அழைத்து, "அய்யே, என் மேசை லாச்சியில் கள வேலைக் குறிப்பு எழுதின ஒரு நீலக் கொப்பி" என்று, அண்ணன் முறை வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அறைத் திறப்பு தன்னிடம் இல்லை என்றார். கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவரை அழைத்தேன்.

"பிள்ளை, அது பாதையிலதான் கிடக்குதெண்டு உறுதியாத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"அப்ப முதல்ல அதை உறுதிப்படுத்துங்கோ. எங்கட வரைபடம் பிழையெண்டு ஒருக்கா சொன்னமெண்டா, பிறகு ஒரு மூங்கில் தடி போட விடமாட்டினம். எத்தினை வருசத்து வேலை."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சங்கத்தை நம்ப வைக்க நாங்கள் பட்டபாடு அவருக்குத் தெரியும். எனக்கும் அது வசதியாக இருந்தது. உறுதிப்படுத்தச் சொல்லிவிட்டார், நான் உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறேன். கடமையைச் செய்கிற மாதிரியே இருந்தது.

கணவர் மகளின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பரீனாவுக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லுமன்."

"என்னத்தைச் சொல்ல? எனக்கே தெரியாதே."

"அதைத்தான் சொல்லச் சொல்லுறன்."

"தெரியாதெண்டு சொன்னா என்ன நினைப்பினம்?"

அவர் துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா, டொக்டர் மாமா தெரியாதெண்டுதானே சொன்னவர்?" என்றாள். அவள் சும்மா கேட்டாள். அவளுக்கு அந்த மாமா நாளைக்கும் ஊசி குத்துவாரா என்பதுதான் கவலை.

நான் கையில் இருந்த கொப்பியைப் பார்த்தேன். அந்த டொக்டர் தெரியாது என்று மட்டும் சொல்லவில்லை. இன்னும் தெரியாது, தெரியும்வரை இதைச் செய், இது நடந்தால் ஓடிவா என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் நான் காலையிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பதிலாகத் தெரியாமல் போனது, அதில் நிச்சயம் இல்லாததால். நிச்சயம் வரும்வரை அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

பரீனாவை அழைத்தேன். மூன்றே கால்.

"பரீனா, ஏழாம் இலக்க மீன்வீடு பழைய ரோட்டில கிடக்கலாம். தள்ளி வச்சவையோ எண்டு எனக்குத் தெரியாது. நான் பாக்காமலே வரைபடத்தில போட்டிட்டன். தெரியுமட்டும் ரோட்டில ஒருத்தரும் வலை போட வேண்டாம். ஆரும் போட்டு வலை சிக்கினா, இறங்க வேண்டாம். வெட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ."

"இத இப்பயா மிஸ் செல்றீங்க?" என்றாள். "மழை திரும்ப வரும்போல ஈக்கிது எண்டு ரெண்டு தோணி முந்தியே எறங்கிட்டு. ஒண்ணு எங்கட ஊட்டுக்காரர்ட."

"உடன அவருக்கு ஃபோன் அடியுங்கோ" என்றேன்.

"அவருக்கு ஃபோன் தண்ணில கொண்டு போற பழக்கமில்ல. வைங்க, நான் பள்ளிக்குப் போறன்."

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பரீனாவும் நிஸாரும் சொன்னது. அவள் பள்ளிவாசலுக்கு ஓடி, தொழுகைக்கு அழைக்கும் முஅத்தினிடம் சொல்லி ஒலிபெருக்கியைப் போடவைத்தாள். தொழுகை அழைப்பைத் தவிர வேறெதற்கும் அந்த ஒலிபெருக்கி பேசினால் ஊரில் மௌத், யாரோ இறந்துவிட்டார் என்று அர்த்தம்; குளத்தில் இருக்கிறவனும் நிமிர்ந்து கேட்பான். கரையில் நின்ற பெண்கள் சிவப்புச் சேலை ஒன்றைப் பிடித்து ஆட்டினார்கள். மற்றத் தோணி உடனே திரும்பியது. நிஸாரின் தோணி மட்டும் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

நான் வெள்ளவத்தை வீட்டில் இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மகளுக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் குடிக்கக் கொடுத்தேன், எழுதினேன். கடற்கரை ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிர, கைபேசிதான் அதிர்கிறது என்று நினைத்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். அழைத்தால் பரீனாவின் வேலையைக் குழப்புவேன் என்று அழைக்கவும் இல்லை. இதுவும் சரியா என்று தெரியாது.

ஐந்தே காலுக்கு அழைப்பு வந்தது. எடுத்தால் நிஸாரின் குரல்.

"மிஸ், ஒங்கட வீட்டுல என்ட வலை பாதி ஈக்கி."

கணவருக்கும் கேட்கட்டும் என்று கைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன்.

விரித்த வலையைக் கொஞ்சம் தள்ளிப் போட இழுத்தபோது சிக்கிக்கொண்டதாம். இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றித் தோணிக் கொம்பில் போட்டுவிட்டு, ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறார்.

"அந்த நேரம் பள்ளில சத்தம் கேட்டிச்சி. வளைவுக்கு அங்கால சொல்லு ஒண்ணும் வெளங்கல்ல. ஆரோ மௌத்தாப் போயிட்டாங்க, ஆரு எண்டு கேப்பம் எண்டு காலத் தூக்கிட்டு இருந்தன். பொறகுதான் 'நிஸார்' எண்டு என்ட பேர் கேக்குது. நான்தான் மௌத்தோ எண்டு நெனச்சிட்டன்."

பின்னால் பரீனா திட்டுவது கேட்டது: "சிரிக்கிறார் பாருங்க மிஸ். வெக்கமில்லாத மனிசன்."

"வலையை வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டுத்தான் கரைக்கு ஓடி வந்தன். ஒண்ணு செல்லட்டா மிஸ்? வெட்டி இழுத்த பாதில மீன் தொங்கினத நீங்க பாக்கணும். நீங்க வெச்ச எடம்தான் புழ. வீடு புழ இல்ல."

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் தெளிந்த பிறகு, நீண்ட தடியால் குத்திப் பார்த்தார்கள். ஏழாம் இலக்கம் நான் இறக்கச் சொன்ன அதே இடத்தில்தான் கிடந்தது. சாரதியைக் கேட்டேன். மிஸ் வந்து புது இடத்தைக் காட்டுவார் என்று காத்திருந்தாராம். நான் அவருக்காக, அவர் எனக்காக. அவரில் பிழை இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நானே போனேன். மகளின் இரண்டாவது, மூன்றாவது இரத்தப் பரிசோதனைகளும் நன்றாக வந்து, அவள் பழையபடி அடம்பிடித்துச் சோற்றைத் துப்பத் தொடங்கியிருந்தாள். எங்கள் பிரிவுத் தலைவரும் கூட வந்தார். வரைபடம் பிழை என்று நான் எழுந்து சொன்னேன். ஆத்திரப்பட்டார்கள். ஒருவர், "இனி மிஸ்மார் கொழும்பிலேயே இருந்து நிறம் தீட்டட்டும்" என்றார். சரிதான். ஆனால் மீன்வீடே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் வீடுகளுக்கு மேலே சிவப்பு மிதவை கட்டலாம் என்றேன். பயந்துபோனவளின் யோசனை அது. பரீனா விடவில்லை.

"வாசல்ல லைட் போட்டுக் குடுக்கப் போறீங்களா மிஸ்? அடுத்த கரைக்காரன் வந்து சுத்தி வளைச்சி வலை போட்டா, குஞ்சு குறுமான் ஒண்ணும் மிஞ்சாது."

அதனால்தான் கோப்பில் மிதவை பற்றி ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் கரை அடையாளம். தோணியில் இருந்து பார்க்கும்போது பள்ளிவாசல் மினாரா தனிப் பனையோடு ஒரே நேராகவும், மதகுக் கோபுரம் மருத மரத்தோடு ஒரே நேராகவும் வந்தால், நீங்கள் ஒரு வீட்டுக்கு மேலே நிற்கிறீர்கள் என்பது மாதிரி. உண்மையான அடையாளங்கள் அந்தத் தோணிக்காரர்களுக்கு மட்டும் தெரியும். உங்களுக்கும் காட்டுவார்கள், ஆனால் எழுதி எடுக்க விடமாட்டார்கள். எடுக்காதீர்கள். பன்னிரண்டையும் அவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். ஏழாவதை அதே இடத்தில் விட்டுவிட்டு, வலை விரிக்கும் பாதையைத்தான் அவர்கள் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள்.

என் பிழை எது என்று நீங்கள் கேட்டால், சேற்றில் இறக்கியதுதான் என்று பல நாள் நினைத்தேன். அதுவல்ல. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் இறக்கத்தான் வேண்டும். பிறகு, பார்க்காமல் சரி போட்டதுதான் என்று நினைத்தேன். அது பிழைதான். ஆனாலும் இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த எழுபது நிமிடம். இரண்டு ஐந்துக்கு எனக்கு என்ன தெரியுமோ, மூன்றே காலுக்கும் அவ்வளவுதான் தெரியும். நடுவில் நான் தேடியது மீன்வீட்டை அல்ல. தெரியாது என்று சொல்லாமல் தப்ப ஒரு வழியை. நிஸாரின் தோணி இறங்கியது அந்த எழுபது நிமிடத்துக்குள்தான்.

உங்களில் கெட்டிக்காரர் இருக்கிறீர்கள். கெட்டிக்காரருக்குத்தான் இது அதிகம் நடக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்ததற்குத்தானே நமக்குப் புள்ளி போட்டார்கள்.

நீங்கள் முதன்முதலாகப் போகிற அன்று பரீனா தேநீர் தருவாள், சீனி கூடுதலாக இருக்கும். அதைக் குடித்து முடிக்க முதல் ஒரு கேள்வி கேட்பாள். இப்போது நம் பிரிவிலிருந்து யார் போனாலும் அவள் கேட்பது அதுதான்: "தெரிஞ்சத பொறகு செல்லுங்க. நீங்க பாக்காதது எது?" முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

சுவரில் இப்போது ஒட்டியிருப்பது நான் வரைந்த புது வரைபடம். நிறம் தீட்டவில்லை. அதற்குக் கீழே ஒரு அட்டவணை: இலக்கம், உத்தேச இடம், கண்ணால் பார்த்தவர் பெயர். பெயர் இல்லாத வரிக்குப் பக்கத்தில் ஒருவரும் வலை போடமாட்டார்கள்.

கையளிப்புக் கோப்பிலும் அதே அட்டவணை இருக்கிறது. நேற்று அதைக் கடைசியாகச் சரிபார்த்தேன். போன வெள்ளத்துக்குப் பிறகு பதினொன்றாம் இலக்கத்தை நான் பார்க்கவில்லை. போக இரண்டு தரம் திட்டமிட்டும் மகளை விட்டுப் போக முடியவில்லை. அது அங்கேயே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்; பாரமான வீடு, நல்ல தரை. முழுமையான கோப்பாகக் கொடுக்க வேண்டும் என்று பேனையை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அந்த வரி வெறுமையாக இருக்கிறது. பரீனாவுக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள்.